ஹாக்பி முனையில் நான் கண்ட திமிங்கலமும் திருமதி ஸ்கெல்ட்டன் காணாததும்

பெருமதிப்பிற்குரிய திரு. கிளெமென்ட் ஆர்க்ரைட் அவர்களுக்கு,
ஆசிரியர், ஹாக்பி முனைக் கடல்நோக்கர் சங்க ஆண்டறிக்கை.

ஐயா,

வணக்கம். தாங்களும் தங்கள் இல்லத்தாரும் தங்கள் தோட்டத்துத் தேனீக்களும் நலமாக இருப்பதாக நம்புகிறேன். இந்த ஈரக்காற்றுக்குத் தங்கள் முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்கச் சொன்னாள் என் மனைவி ஐவி. கேட்டுவிட்டேன். என் நலத்தைப் பற்றிக் கேட்பீர்களானால், அது தங்கள் கடிதம் வந்த காலையோடு போய்விட்டது.

"இரண்டாவது சாட்சி இல்லாத காரணத்தால் தங்கள் திமிங்கலத்தை இவ்வாண்டு அறிக்கையில் சேர்க்க இயலவில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். நான் அதைச் சமையலறையில் நின்றபடி படித்தேன். ஒரு முறை படித்துப் புரியாமல், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு மறுபடி படித்தேன். ரொட்டி கருகிப் புகை எழும்பியது எனக்குத் தெரியவில்லை. ஐவி ஓடி வந்து, "யாரு போயிட்டாங்க?" என்றாள். "நான்தான்" என்றேன். "போறதுக்கு முன்னால அடுப்பை அணைச்சிட்டுப் போ" என்றாள். இப்படிப்பட்ட வீட்டில் இருந்துகொண்டுதான் நான் தங்களுக்கு எழுதுகிறேன் என்பதைத் தாங்கள் மனத்தில் கொள்ள வேண்டும்.

ஐயா, நான் படித்தவன் அல்ல. பால்காரன். விடியுமுன் தெருத்தெருவாகப் புட்டி வைத்தவன். பறவைகளை நான் கற்றுக்கொண்டது நூலகத்தில் அட்டை கழன்ற ஒரு புத்தகத்தில். அதில் கடற்பறவைப் பக்கங்கள் பாதியை யாரோ கிழித்திருந்தார்கள், அந்தப் பாதியைக் கடலிலேயே பார்த்துப் படித்துக்கொண்டேன். சங்கம் தொடங்கிய காலத்திலிருந்து உறுப்பினன். அத்தனை காலத்திலும் ஆண்டறிக்கையில் என் பெயர் வந்தது ஒரே ஒரு தரம்: கரையில் செத்து ஒதுங்கிய ஒரு பறவைக்கு நேரே. எனக்கு எழுபத்தொன்பது வயது ஆகிறது. உயிரோடிருக்கும் ஏதாவது ஒன்றுக்கு நேரே என் பெயரை அச்சில் பார்த்துவிட்டுப் போக வேண்டும் என்பதைத் தவிர இந்த வயதில் எனக்கு வேறு ஆசை கிடையாது. அதைத்தான் தாங்கள் மூன்று வரியில் முடித்துவிட்டீர்கள்.

நடந்ததை மறுபடி சொல்கிறேன். ஜூலை மாதத்தில், காற்றடங்கிய ஒரு காலை. முனையில் உள்ள நம் பலகைக் குடிலில் இரண்டே பேர்: வடக்குச் சன்னலில் நான், தெற்குச் சன்னலில் திருமதி எனிட் ஸ்கெல்ட்டன். சிவப்பு மிதவைக்கு வலப்பக்கம் நீர் உடைந்தது. ஆள் உயரத்துக்கு மேல் ஆவி எழுந்தது. மறுபடி ஒரு தரம். பிறகு கரிய முதுகு, அதன்மேல் சப்பையான சிறு துடுப்பு, கடைசியில் முதுகு வில்லாய் வளைந்து உள்ளே போனது. கூன்முதுகுத் திமிங்கலம். மூழ்கும்போது வாலைத் தூக்கிக் காட்டும் இனம்தான், ஆனால் இது வாலைத் தூக்கவில்லை. தூக்கவில்லை என்றே தங்களுக்கு அனுப்பிய விவரத்திலும் எழுதியிருக்கிறேன். இல்லாததைச் சேர்த்து எழுதுகிறவனாக இருந்தால் வாலை விட்டிருப்பேனா?

நம் குடிலின் சட்டம் தாங்கள் அறிந்ததே. யார் எதைக் கண்டாலும் இடத்தைச் சொல்லி உரக்கக் கூவ வேண்டும். பக்கத்தில் இருப்பவர் பரம விரோதியாக இருந்தாலும் கூவ வேண்டும். அதன்படிதான் நானும் திருமதி ஸ்கெல்ட்டனும் ஒன்பது வருடமாக வாழ்ந்து வருகிறோம். எங்களுக்குள் காலை வணக்கம் கிடையாது, மாலை வணக்கம் கிடையாது, அவர் கணவர் இறந்தபோது கூட நான் இரங்கல் சொல்லவில்லை, ஐவியை அனுப்பினேன். ஆனால் "வடக்கே, மிதவைக்கு அப்பால், ஆலாக் கூட்டம்" என்று நான் சொன்னால் அவர் திரும்புவார். "தெற்கே, அலைக்கு மேல, கன்னெட் ரெண்டு" என்று அவர் சொன்னால் நான் திரும்புவேன். அன்றும் கூவினேன். "சிவப்பு மிதவை, வலப்பக்கம், திமிங்கலம்." அந்த அம்மாள் தொலைநோக்கியைத் திருப்பினார். பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு, "காணோம்" என்றார். சொல்லிவிட்டு மறுபடி தெற்கே திரும்பி, கன்னெட் என்னும் அந்தப் பெரிய வெள்ளைக் கடற்பறவைகளை எண்ண ஆரம்பித்துவிட்டார்.

ஒரு திமிங்கலம், ஐயா. வீட்டளவு உடம்பு. அதைக் காணோம் என்று ஒரு மனுஷி சொன்னால் அதற்கு என்ன பொருள்? பழி என்று பொருள். தாங்கள் அப்போது ஆசிரியராக வரவில்லை, ஆகையால் சொல்கிறேன். ஒன்பது வருடத்துக்கு முன் இதே குடிலில் அந்த அம்மாள், "தெற்கே, அல்பட்ராஸ்" என்று கூவினார். நம் கடலுக்கு ஆயுளில் ஒரு தரம் வந்தாலே அதிசயமான பெரும்பறவை அது. நான் திரும்பினேன். கன்னெட் ஒன்று போய்க்கொண்டிருந்தது. சங்கத்தார் என்னைக் கேட்டார்கள், கன்னெட் என்று சொன்னேன். அவ்வளவுதான் நான் செய்த குற்றம். அவருடைய அல்பட்ராஸ் அறிக்கையில் ஏறவில்லை. அதற்கு நான் என்ன செய்ய முடியும்? நான் கண்டதைச் சொன்னேன். அவர் கண்டதை இல்லை என்கிறார். இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்கும் உள்ள வித்தியாசம். இதை ஐவியிடம் விளக்கினேன். அவள் பின்னிக்கொண்டிருந்ததை நிறுத்தாமல், "ஒரே மாதிரிதான் இருக்கு எனக்கு" என்றாள். நாற்பத்தாறு வருடம் கூட வாழ்ந்தவள். நான் அன்று இரவு பேசாமல் சாப்பிட்டேன், அவள் கவனிக்கவில்லை.

சரி, அபூர்வமானதற்கு இரண்டு சாட்சி வேண்டும் என்ற சங்க விதி எனக்கும் தெரியும், வேறு சாட்சி தேடுவோம் என்று கிளம்பினேன். அன்று காலை முனைப் பாதையில் நம் பாதிரியார் நாயோடு நடந்தது எனக்கு நினைவிருந்தது. தேவாலயத்துக்கே போய்க் கேட்டேன். "எர்னஸ்ட், நான் கடலைப் பார்க்கல, நாயைப் பார்த்துட்டிருந்தேன், அது செத்த நண்டு மேல புரண்டுட்டு இருந்துச்சு" என்றார். கடலைப் படைத்தவனுக்கு ஊழியம் செய்கிறவர் கடலைப் பார்ப்பதில்லை. அதிர்ச்சியில் நான் அந்த ஞாயிறு ஆராதனைக்குப் போகவில்லை. அதற்கு முந்தின ஞாயிறும் போகவில்லை என்று ஐவி எழுதச் சொல்கிறாள். அது வேறு விஷயம்.

அடுத்து, பாறைக்குக் கீழே பொறிக்கூடை இழுக்கும் இறால்காரர் தாபி. அவர் அன்றாடம் அதே நீரில் இருப்பவர். மேலிருந்து கூப்பிட்டால் கேட்காது என்பதால் பாறை விளிம்பில் குப்புறப் படுத்துத் தலையை நீட்டிக் கத்தினேன். ஐயா, ஃபுல்மர் என்னும் பறவை பார்க்கச் சாதுவான கடற்புறா மாதிரி இருக்கும். அதன் குஞ்சு அந்நியரைக் கண்டால் வயிற்றில் இருக்கும் எண்ணெயைத் துப்பும் என்பதை நானே எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். என் முகத்துக்கு ஒரு முழம் கீழே அதன் கூடு இருந்தது. அது குறி தவறவில்லை. கீழே தாபி கையை வீசி வீசி ஏதோ சொன்னார். "நானும் கண்டேன்" என்கிறார் என்று நம்பி, கண்ணைத் துடைத்துக்கொண்டு நன்றி சொல்லித் திரும்பினேன். பிறகு விசாரித்தால், "தள்ளிப் போங்கன்னு கத்தினேன், மேல குஞ்சு இருக்குன்னு" என்கிறார். அந்த நாற்றத்தைப் பற்றி எழுதுவது பண்பல்ல. பேருந்தில் ஓட்டுநர் என்னை முகர்ந்துவிட்டு, "ஐயா, மாடியில காத்தோட்டமா உக்காருங்க" என்றார். அது மாடி இல்லாத பேருந்து. ஐவி என் கோட்டைத் தோட்டத்தில் ஒரு கம்பில் மாட்டினாள். அது இன்னும் அங்கேதான் இருக்கிறது. பட்டாணிக்குக் காவல் நன்றாக இருக்கிறதாம்.

ஆகஸ்ட்டில் கடைசி முயற்சியாகப் பக்கத்துத் துறைமுகத்திலிருந்து திமிங்கலம் காட்டக் கூட்டிப்போகும் படகில் ஏறினேன். கூன்முதுகு வந்தால் சில வாரம் அதே கடலில் சுற்றும். ஒரு படகு நிறைய மக்கள் கண்டுவிட்டால் திருமதி ஸ்கெல்ட்டனின் "காணோம்" எங்கே போகும்? லீட்ஸிலிருந்து வந்த நல்ல மனிதர்கள். படகு கிளம்பியதும் எழுந்து நின்று, முதுகைப் பாருங்கள், துடுப்பின் வடிவைப் பாருங்கள், இறங்கும்போது எல்லாரும் என்னிடம் பெயர், முகவரி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டேன். ஓர் அம்மாள் கைப்பையை மடியில் இழுத்து வைத்துக்கொண்டார். துறைமுகச் சுவரைத் தாண்டியதும் எனக்குக் குடல் புரண்டது. என் காலம் முழுவதும் நான் கடலைக் கரையிலிருந்து பார்த்தவன். அது இப்படி ஆடும் என்று யாரும் சொல்லவில்லை. நான் வாளியோடு இருந்த வேளையில் படகின் மறுபக்கம் மிங்கி என்னும் சிறு ஜாதித் திமிங்கலம் ஒன்று எழும்பிவிட்டது. கூட்டம் முழுக்க அந்தப் பக்கம் ஓடியது. நான் எழுந்திருக்கவில்லை.

"தாத்தா, திரும்பிப் பாருங்க, கிட்டத்துலேயே நிக்குது" என்றது ஒரு பெண்.

"அது என்னோடது இல்லம்மா" என்றேன்.

படகுக்காரர் என்ஜினை நிறுத்திவிட்டு வந்தார். "எத்தனையோ வருஷமா ஓட்டறேன் ஐயா. திமிங்கலம் காட்டலன்னு சண்டை போட்டவங்க உண்டு. காட்டின திமிங்கலத்தை வேணாம்னு சொன்னவர் நீங்க ஒருத்தர்தான்."

நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. அது வேறு திமிங்கலம் என்று சொன்னேன். இந்த வித்தியாசம் இந்த நாட்டில் யாருக்கும் புரியவில்லை என்பதுதான் என்னை நிலைகுலைய வைக்கிறது. கரை இறங்கும்போது எல்லாரும் மகிழ்ச்சியாகப் பெயரும் முகவரியும் கொடுத்தார்கள். மிங்கிக்கு.

இத்தனையும் தாங்கிக்கொண்டேன். தாங்க முடியாமல் போனது கிளெண்டாவின் தேநீர்க் கடையில். மழைக்கு ஒதுங்கியவர்கள் எல்லாம் உள்ளே இருந்தார்கள், பாதிரியார், தாபி, சன்னலோரம் ஒரு வெண்ணெய்ப் பன்னை வெட்டிக்கொண்டு திருமதி ஸ்கெல்ட்டன். நான் நுழைந்ததும் தாபி ஆரம்பித்தார்.

"என்ன எர்னஸ்ட், திமிங்கலம் சௌக்கியமா? போன வாரம் படகளவு இருந்துச்சு, இந்த வாரம் வளந்திருக்குமே."

"அது படகளவுன்னு நான் எப்பவும் சொல்லல."

"அப்ப எவ்வளவு? ஒரு தூக்கம் வந்த கடல்நாய் அளவு?"

கிளெண்டா தட்டைத் துடைத்தபடி, "வயசானா எனக்கும் கடல்ல என்னென்னமோ தெரியுது, போன மாசம் எங்க அத்தையைப் பார்த்தேன்" என்றாள். கடையே சிரித்தது. பாதிரியாரும் சிரித்தார். எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. "கடல்நாய் வாலைத் தூக்குமா?" என்றேன். "அது வாலைத் தூக்கிச்சு. உங்க தேவாலயக் கதவு அகலத்துக்கு. அடிப்பக்கம் பால் மாதிரி வெள்ளை. தண்ணி சொட்டச் சொட்ட நின்னுட்டு அப்புறம்தான் இறங்கிச்சு."

கடையில் சொன்னது கடைப் பேச்சு, ஐயா. தங்களுக்கு எழுதியதில் வால் இல்லை என்பதை மறுபடியும் சுட்டிக்காட்டுகிறேன். எழுத்து வேறு, வாய் வேறு. ஆனால் அந்த வாலைக் கேட்டதும் கடை அமைதியாகிவிட்டது. எல்லாரும் என்னை ஒரு மாதிரி மரியாதையோடு பார்த்தார்கள். அப்போது சன்னலோரத்திலிருந்து, பன்னிலிருந்து கண்ணை எடுக்காமல், அந்த அம்மாள் பேசினார். ஒன்பது வருடத்தில் திசை சொல்லாமல் என்னிடம் பேசிய முதல் பேச்சு.

"அது வாலைத் தூக்கியிருந்தா நான் பார்க்காம இருந்திருப்பேனா, ஹெப்பிள்?"

அவ்வளவுதான். கடை முன்னை விட அதிகமாகச் சிரித்தது. நான் தேநீரைக் குடிக்காமல் வெளியே வந்துவிட்டேன். மழையில் நடந்தேன். எனக்கு நடந்தது எனக்கே நம்ப முடியாமல் இருந்தது. ஒரு பெண் ஊருக்கு நடுவே என் திமிங்கலத்தின் வாலை வெட்டிவிட்டாள்.

அன்றிலிருந்து நான் குடிலுக்குப் போவதில்லை. முனைச் சாலையில் உள்ள பேருந்து நிழற்குடையிலிருந்து கடல் பார்க்கிறேன். அங்கிருந்து வடக்குக் கடல் ஒரு கீற்றாகத் தெரியும், குப்பைத் தொட்டிக்கும் பெயர்ப் பலகைக்கும் நடுவே. ஒவ்வொரு பேருந்தும் எனக்காக நிற்கிறது. "ஏறுறீங்களா?" "இல்ல, கடல் பார்க்கிறேன்." அடுத்தது வருகிறது. "ஏறுறீங்களா?" பேருந்து நிற்கும் நேரம் பார்த்துத்தான் ஆலாக்கள் அந்தக் கீற்றைக் கடக்கின்றன. இந்த இலையுதிர் கால வலசையில் நான் இதுவரை கண்டது பெரும்பாலும் பேருந்து.

ஆகவே ஆசிரியர் அவர்களே, நான் கேட்பது இதுதான். என் திமிங்கலத்தைச் சாட்சி இன்றியே, என் வார்த்தையை மட்டும் நம்பி, அறிக்கையில் அச்சிட வேண்டும். கண்ணெதிரே நின்றதைக் காணோம் என்று சொன்ன திருமதி ஸ்கெல்ட்டனை, வேண்டுமென்றே உண்மையை மறைத்தவர் என்று கருதி, சங்கத்திலிருந்து விலக்க வேண்டும். விலக்கவில்லையென்றால் நான் விலகுவேன். இரண்டில் ஒருவர்தான் அந்தக் குடிலில் இருக்க முடியும். இதில் ஒரு சொல்லையும் நான் மாற்றப்போவதில்லை. ஐவி எவ்வளவு பெருமூச்சு விட்டாலும் சரி.

தங்கள் தேனீக்களுக்குத் தேன் பெருகட்டும், தங்கள் முழங்கால் மழைக்கு முன்பே மழையைச் சொல்லும் வேலையை விட்டுவிடட்டும், தங்கள் பேரப்பிள்ளைகள் திமிங்கலத்தைத் திமிங்கலம் என்று சொல்லும் நேர்மையோடு வளரட்டும் என்று வேண்டி,

என்றும் வளையாத,
எர்னஸ்ட் ஹெப்பிள்,
ஓய்வுபெற்ற பால்காரர், ஹாக்பி.

பின்குறிப்பு: மேலே உள்ளதைத் தாங்கள் படிக்காமல் இதை மட்டும் படித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். இத்தனை தாள் எழுதியதைக் கிழிக்க மனம் வரவில்லை.

உறையில் போடப் போகும்போது கதவு தட்டும் சத்தம். ஐவி திறந்தாள். மழைக்கோட்டில் தண்ணீர் வழியத் திருமதி ஸ்கெல்ட்டன். "உள்ள வா எனிட், உக்காரு" என்றாள் ஐவி. "உக்கார வரல" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். நான் இந்தக் கடிதத்தை முதுகுக்குப் பின்னால் பிடித்துக்கொண்டு நின்றேன்.

"ஹெப்பிள், நான் ஆர்க்ரைட்டுக்குப் போன் பண்ணப் போறேன். உங்க திமிங்கலத்தை நானும் பார்த்தேன்னு சொல்லிடறேன்."

எனக்கு இந்தக் கோடையில் விழுந்த அடிகளில் இதுதான் பலமானது. ஆனாலும் சாட்சியை விசாரிக்காமல் ஏற்பது முறையல்ல. "என்ன பார்த்தீங்க?" என்றேன்.

"சிவப்பு மிதவைக்கு வலப்பக்கம். ரெண்டு தடவை ஊதிச்சு. கறுத்த முதுகு. சின்னத் துடுப்பு." அவர் தேநீர்க் கெண்டியைப் பார்த்துக்கொண்டே சொன்னார். "அப்புறம் வாலைத் தூக்கிச்சு. நல்ல அகலம். அடியில வெள்ளை. தண்ணி சொட்டிச்சு."

"நல்லாப் பார்த்தீங்களா?"

"நல்லாப் பார்த்தேன்."

"ஏன் இப்ப சொல்றீங்க?"

அவர் கெண்டியின் மூடியைச் சரிசெய்தார். "நீங்க வராததுலேர்ந்து குடில்ல நான் தனியா இருக்கேன். ஆலா போகுது, கன்னெட் போகுது. சட்டப்படி கூவிக்கிட்டுத்தான் இருக்கேன். யாரும் திரும்பறதில்ல" என்றார். "பேச ஒரு ஆள் வேணும்னு நான் கேக்கல. பேசாம இருக்கவாவது ஒரு ஆள் வேணுமில்ல?"

ஐவி எழுந்து கேக்கை வெட்டப் போனாள். எனக்குத் தெரியும், அவள் கேக் வெட்டப் போகவில்லை.

ஆர்க்ரைட் ஐயா, நான் கண்ட திமிங்கலம் வாலைத் தூக்கவில்லை. ஆகவே அந்த அம்மாள் அதைக் காணவில்லை. காணோம் என்று அன்றே சொன்னார், அது உண்மை. எனக்காக இன்று சொன்னதுதான் பொய், அதையும் தேநீர்க் கடையில் என் வாயிலிருந்து வந்த வாலை எடுத்தே சொன்னார். அவர் போன் செய்வார். தயவுசெய்து ஏற்காதீர்கள். காரணம் சொல்லாதீர்கள், அறிக்கை அச்சுக்குப் போய்விட்டது என்றோ, விதி மாறிவிட்டது என்றோ தாங்களே ஏதாவது சொல்லிக்கொள்ளுங்கள். ஒன்பது வருடத்துக்கு முன் ஒரு தரம் அவர் சொல் ஏறாமல் போனது. இந்தத் தரம் ஏறி, அந்த ஏட்டில் பொய்யாய் நிற்க நான் விடமாட்டேன். திமிங்கலத்தை எடுத்துவிடுங்கள். நான் கண்டேன், அது எனக்குத் தெரியும், அது போதும் என்று எழுத முயல்கிறேன். போதவில்லை, ஆனாலும் எடுத்துவிடுங்கள்.

அல்பட்ராஸ் விஷயத்தில் நான் கண்டது கன்னெட்தான், அதில் மாற்றமில்லை. அவர் கண்டது என்ன என்று இனி நான் சொல்லப்போவதில்லை.

மற்றபடி, அவரை விலக்கச் சொன்ன இடத்தில் ஐவி தேநீரைக் கொட்டிவிட்டாள், வேண்டுமென்றேதான். எழுத்து கலைந்திருந்தால் கண்டுகொள்ள வேண்டாம். நாளை வடகிழக்குக் காற்று என்கிறார்கள், நிறையப் பறவை வரும். இதைத் தபாலில் போட்டுவிட்டு நான் சீக்கிரம் படுக்க வேண்டும். விடிந்ததும் குடிலுக்குப் போய் அந்த அம்மாளோடு பேசாமல் இருக்க வேண்டிய வேலை இருக்கிறது.

எ. ஹெ.